குருதிக்கொடையும் விந்தணுக்கொடையும்: கொடையாளருக்கான உளவளத்துணை பற்றி மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

தலவாக்கலையிலே இலக்கிய நண்பர்கள் சிலர் நடத்தும் வாசகர் வட்டமொன்றிலே பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் பற்றி உரையாற்றும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. உரை முடிந்ததும், கொழும்பிலே கடையொன்றில் வேலைபார்ப்பவரும் விடுமுறைக்காகத் தோட்டத்துக்கு வந்திருந்தவருமான இளைஞர் ஒருவர் எழுந்து, நாவலோடு தொடர்பற்றதுபோல் தோன்றிய ஒரு வினாவை எழுப்பினார். கொழும்பு ஆஸ்பத்திரியொன்றிலே விந்தணு வங்கி ஆரம்பித்திருப்பதாகப் பத்திரிகையில் படித்ததாகவும், தாமும் போய்க் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் கூறிய அவர், "இரத்தம் குடுக்கிற மாதிரித்தானே சேர் இதுவும்?" என்று கேட்டார். அவையிலே சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கிய பின்னர் நான் அளித்த விடை அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அவ்விடையைச் செம்மையாகச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

அவர் குறிப்பிட்ட செய்தி 2025ஆம் ஆண்டு வெளியானது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலே விந்தணு வங்கியொன்று அமைக்கப்பட்டிருப்பதாக அச்செய்தி கூறிற்று. குழந்தைப்பேறின்மைக்கான சிகிச்சை பெரும்பாலும் தனியார் நிலையங்களின் கையிலே இருந்துவந்த ஒரு நாட்டில், அரசாங்க வைத்தியசாலையொன்று இப்பணியிலே இறங்குவது வரவேற்கத்தக்கதே. குழந்தையில்லாமைக்கு ஆணும் சம அளவிலே காரணமாயிருக்கக்கூடும் என்னும் உண்மையை அரசாங்கமே ஒத்துக்கொள்வதாகவும் இது அமைகின்றது. 'மலடி' என்ற சொல் நமது பேச்சிலும் இலக்கியத்திலும் பெற்றிருக்கும் வலிமையையும், அதற்கு இணையான ஆண்பாற் சொல் வழக்கிலே வலுப்பெறாமற் போனமையையும் எண்ணிப் பார்ப்போர் இதன் முக்கியத்துவத்தை எளிதில் உணர்வர்.

ஆயின், குருதிக்கொடையோடு இதனை ஒப்பிடுவது எவ்வளவு தூரம் பொருந்தும்? புறநிலையிலே ஒற்றுமை பல உள. இரண்டிலும் உடலிலிருந்து மீண்டும் ஊறக்கூடிய ஒரு பொருள் எடுக்கப்படுகின்றது. இரண்டிலும் தொற்றுநோய்ப் பரிசோதனை உண்டு. இரண்டிலும் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. பிரித்தானிய சமூகவியலாளர் ரிச்சர்ட் டிற்மஸ் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றிலே, பணத்துக்கு இரத்தம் வாங்கும் அமெரிக்க முறையினையும் இலவசக் கொடையிலே தங்கியிருக்கும் பிரித்தானிய முறையினையும் ஒப்புநோக்கி, சந்தைமுறை ஒழுக்க அடிப்படையில் மட்டுமன்றி மருத்துவ அடிப்படையிலும் தாழ்ந்தது எனக் காட்டினார். வறியவன் தன் நோயை மறைத்து இரத்தத்தை விற்பான். ஊரிலே யாரோ ஒருவருக்காகக் கொடுப்பவனுக்குப் பொய்யுரைக்க வேண்டிய தேவையில்லை. இந்த வாதம் விந்தணுக்கொடைக்கும் ஓரளவு பொருந்தும்.

ஆனால் ஒப்புமை இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றது. கொடையாகச் சென்ற செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்களிலே அழிந்துவிடும். அதன் கதை அத்துடன் முடிகின்றது. விந்தணுவோ திரவ நைதரசனிலே, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியசில், ஆண்டுக்கணக்கிலே உறைநிலையில் இருந்து, பின்னர் ஒரு மனிதராகின்றது. குருதிக்கொடையிலே சம்பந்தப்படுவோர் இருவர். இங்கே மூன்றாவதாக ஒருவர் வருகின்றார். உடன்படிக்கை செய்யப்படும் வேளையிலே அவர் பிறந்திருக்கவில்லை; அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவும் இயலாது. பதினெட்டோ இருபதோ வயதிலே அவர் வினாக்களோடு வந்து நிற்கக்கூடும். கொடையாளருக்கு முன்கூட்டியே உளவளத்துணை தேவை என்னும் கருத்து முழுவதும் இந்த மூன்றாமவரிடமிருந்தே பிறக்கின்றது.

வரலாற்றை நோக்குமிடத்து, இம்மருத்துவமுறை சம்மதத்தோடு தொடங்கவில்லை என்பது புலனாகும். பதிவாகியுள்ள முதல் நிகழ்வு 1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே இடம்பெற்றது. மருத்துவப் பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்ட் என்பார், குழந்தையில்லாத வணிகர் ஒருவரின் மனைவியை மயக்கமருந்து கொடுத்துக் கிடத்தி, தமது மாணவர்களுள் ஒருவரின் விந்தினை அவருக்குச் செலுத்தினார். கணவருக்குப் பின்னர் தெரிவிக்கப்பட்டது. மனைவிக்கு என்றுமே தெரிவிக்கப்படவில்லை. அவ்வகுப்பிலே மாணவராயிருந்த ஒருவர் 1909இல் மருத்துவ இதழொன்றுக்கு எழுதிய கடிதத்தாலேயே விடயம் வெளிவந்தது. அதே 1884ஆம் ஆண்டிலேதான் பிரெடெரிக் ஏங்கெல்சின் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' வெளியாயிற்று. ஒருதார மணத்தின் பொருளாதார அடிப்படை, சொத்துக்கு ஐயத்துக்கிடமற்ற வாரிசினைப் பெறுவதே என்பது அந்நூலின் மையக் கருத்துக்களுள் ஒன்று. பிலடெல்பியா வணிகருக்குத் தேவைப்பட்டதும் வாரிசே. உயிரியல் தந்தைமையைச் சமூகத் தந்தைமையிலிருந்து பிரித்தெடுக்க விஞ்ஞானம் வல்லதாயிற்று. ஆயின் அப்பிரிவினை வெளியே தெரியாது மறைக்கும்படி சொத்துறவு வற்புறுத்திற்று. கொடையாளரின் பெயரின்மை எனப்படும் ஏற்பாடு அந்த மறைப்பின் வழிவந்ததாகும். கொடையாளரின் அந்தரங்கத்தைப் பேணுவதற்கென அது சொல்லப்படுவது பிற்கால நியாயம்.

தமிழ் இலக்கிய மாணவர் ஒருவருக்கு இவ்விடத்திலே 'கொடை' என்ற சொல்லே சிந்தனைக்குரியதாகின்றது. சங்கப் புலவர் கொடையைப் பாடினர். முல்லைக்குத் தேரீந்த பாரியும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் கொடைமடம் உடையோராகப் போற்றப்படுகின்றனர். தகுதியும் பயனும் ஆராயாது கொடுத்தலே கொடைமடம். அங்கே பேதைமையே பெருமையாயிற்று. நிலவுடைமைச் சமுதாயத்தின் உருவாக்கக் காலத்திலே, சேர்த்த உபரியைப் பகிர்ந்து புகழை ஈட்டும் தலைவனுக்கு இவ்விலட்சியம் பொருந்தியிருக்கலாம். மயிலுக்குப் போர்வை பயன்படாது போயினும் மயில் முறையிடப்போவதில்லை. மனிதப் பிறவியைத் தோற்றுவிக்கும் ஒரு கொடைக்கு இதே மதிப்பீட்டினைப் பொருத்துவது எவ்வாறு என்பதே கேள்வி.

2020ஆம் ஆண்டு வெளியான 'தாராள பிரபு' என்னும் தமிழ்த் திரைப்படம் இம்மதிப்பீட்டினை அப்படியே மறுபதிப்புச் செய்தது. 2012இல் வெளிவந்த 'விக்கி டோனர்' என்ற இந்திப் படத்தின் தழுவல் அது. தலைப்பே கதாநாயகனை வள்ளலாக்கி விடுகின்றது. நகைச்சுவைப் படமொன்றிடம் சமூகவியலை எதிர்பார்ப்பது நியாயமன்று. கூச்சத்துக்குரியதாக இருந்த ஒரு விடயத்தை வீட்டுக் கூடத்திலே பேசவைத்ததற்காக அதனைப் பாராட்டவும் வேண்டும். இருப்பினும், கொடுப்பதற்கு முன் அவ்விளைஞனிடம் ஆற அமர அமர்ந்து எவரும் எதையும் விளக்காமையை எத்தனை பேர் கவனித்தனர்?

கர்ணனின் கதை இவ்வகையிலே பெரிதும் பொருள்பொதிந்தது. நமது மரபு கர்ணனைக் கொடையின் உச்சமாகக் கொண்டாடுகின்றது. அதே கர்ணன், தன்னைப் பெற்றவர் யாரெனத் தெரியாது வளர்ந்தவன். வளர்த்த தேரோட்டியின் சாதியால் அரங்கிலே அவமதிக்கப்பட்டவன். அவனது பிறப்பை அறிந்தோர் சிலர் இருந்தனர். அவர்கள் அதனை அவனுக்குச் சொன்னது, போர் மூளவிருந்த தறுவாயிலே, தமது தரப்புக்கு அது பயன்படக்கூடும் என்று கண்டபோது. பிறப்பு பற்றிய உண்மை அதற்கு உரியவனுடைய தேவைக்காகச் சொல்லப்படாது, சொல்பவரின் தேவைக்காகச் சொல்லப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் கூர்மையான உதாரணம் நம்மிடம் இல்லை. இதே காவியத்திலே வியாசரைக் கொண்டு வமிசத்தை வளர்க்கும் நிகழ்ச்சியில், அம்பிகை கண்களை மூடிக்கொண்டமையாற் குருட்டுப் பிள்ளை பிறந்தது என்று பழி பெண்மீதே சுமத்தப்படுவதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

'மாதொருபாகன்' (2010) திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் ஓர் இரவைக் களமாகக் கொண்டது. அங்கே குழந்தையற்ற பெண்ணிடம் வரும் அந்நிய ஆண் 'சாமி' ஆகின்றான். பிறப்பது சாமி கொடுத்த பிள்ளை. கொடையாளரைத் தெய்வமாக்குவதும் அவரை அழித்துவிடுவதும் ஒரே செயலின் இரு பெயர்கள் என்றே நாவலை வாசிக்கத் தோன்றுகின்றது. 2014இன் இறுதியிலே அந்நாவலுக்கு எதிராகக் கிளம்பிய சாதிய ஆவேசமும், 2016 யூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் யாவரும் அறிந்தவை. சாதியின் தூய்மை தந்தைவழியிலே தங்கியிருக்கும் சமுதாயத்தில் பெயரற்ற தந்தையொருவன் எத்துணை அச்சத்தை விளைவிப்பான் என்பதற்கு அந்த ஆவேசமே சான்று. விந்தணுவுக்குச் சாதியும் நிறமும் கேட்போர் பற்றி இந்தியப் பத்திரிகைகள் எழுதிவந்துள்ளமையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

இனி உளவளத்துணை என்பதன் உள்ளடக்கத்துக்கு வருவோம். பிரித்தானியாவிலே 1982இல் நியமிக்கப்பட்டு 1984இல் அறிக்கை சமர்ப்பித்த வார்னொக் குழுவின் சிந்தனைகளைத் தொடர்ந்து, 1990ஆம் ஆண்டு மனிதக் கருவுறுதல் மற்றும் முளையவியற் சட்டம் நிறைவேறிற்று. கொடையாளர் ஒருவர் சம்மதம் அளிக்குமுன், தாம் செய்யவிருப்பதன் விளைவுகள் பற்றித் தக்க உளவளத்துணை பெறுவதற்கு உரிய வாய்ப்பு அவருக்கு வழங்கப்படல் வேண்டுமென அச்சட்டம் விதித்தது. வழங்கப்படுவது வாய்ப்பே, அதனை ஏற்பதும் மறுப்பதும் கொடையாளரின் உரிமை. அங்குள்ள நடைமுறை, தகவல் தருவதையும் உளவளத்துணையையும் வேறுபடுத்துகின்றது. தகவல் என்பது துண்டுப்பிரசுரத்திலே அடங்கக்கூடியது. உளவளத்துணையோ, அத்தகவல் இந்த மனிதரின் வாழ்விலே என்ன செய்யும் என்று அவரோடு சேர்ந்து நினைத்துப் பார்ப்பது. அவர் தகுதியானவரா என்று தேர்வு செய்வதும் அதன் வேலையன்று. தேர்வு செய்பவரிடம் எவரும் மனந்திறந்து பேசுவதில்லை; ஆகையால் இவ்விரு பணிகளும் ஒருவர் கையிலே இருத்தல் ஆகாது.

அவ்வாறு நினைத்துப் பார்க்கவேண்டியவை யாவை? முதலாவது, கொடையாளர் தம்மைப் பற்றியே அறியநேரும் செய்தி. பரிசோதனையின்போது, தமது விந்தணுக்கள் போதா என்றோ, தாம் தலசீமியா நோயைக் காவுபவர் என்றோ, தொற்றொன்று உடலில் உண்டு என்றோ அவர் அறியக்கூடும். கொடுக்கச் சென்றவர் நோயாளியாகத் திரும்பும் அந்தத் தருணத்துக்கு அவரை யார் ஆயத்தப்படுத்துவது? அடுத்தது, அவரது குடும்பம். இன்று மணமாகாதவர் நாளை மணப்பார். மனைவியிடம் சொல்வாரா, எப்போது சொல்வார்? தமக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்கு, எங்கோ உடன்பிறப்புக்கள் உண்டு என்பதை மறைத்து வைப்பாரா? தமது தாய்க்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் அல்லவா? இருபத்து நான்கு வயதிலே ஒருவர் அளிக்கும் விடையும் நாற்பத்தைந்து வயதிலே அவர் அளிக்கும் விடையும் வேறுபடும் என்பதை உணர்த்துவதே நல்ல உளவளத்துணையாளரின் திறன் எனலாம். பின்னர், மனம் மாறினால் என்ன செய்வது என்ற வினா. பிரித்தானியச் சட்டப்படி, விந்தணு சிகிச்சைக்குப் பயன்படுத்தப்படும்வரை கொடையாளர் சம்மதத்தை மீளப்பெறலாம், அதன்பின் இயலாது. உரிமம் பெற்ற நிலையத்தின் ஊடாகக் கொடுப்பவருக்குச் சட்டத் தந்தைமையும் இல்லை, பராமரிப்புப் பொறுப்பும் இல்லை. நிலையத்துக்கு வெளியே தனிப்பட்ட ஒழுங்கிலே கொடுப்பவர் சட்டத்தின்முன் தந்தையாகக் கொள்ளப்படக்கூடும்.

இவை எல்லாவற்றிலும் கனமானது, பிள்ளையின் அறியும் உரிமை. சுவீடன் 1985 மார்ச்சு மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்தினாலே கொடையாளரின் பெயரின்மையை நீக்கிற்று. பிரித்தானியாவிலே 2005 ஏப்பிரில் 1 முதல் அளிக்கப்படும் கொடைகளாற் பிறப்போர், 18 வயதிலே கொடையாளரின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகத் தெரிந்த முகவரி ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். இவ்வுரிமைக்கு உரியோரில் முதலானவர்கள் 2023இன் இறுதியிலே அந்த வயதை அடைந்தனர். மறுபுறத்தில், தமது கொடையால் எத்தனை பிள்ளைகள், எவ்வாண்டு, ஆணா பெண்ணா என்ற விவரங்களைக் கொடையாளரும் கேட்டறியலாம். ஒருவரது கொடை பத்துக் குடும்பங்களுக்கு மேல் அங்கே பயன்படுத்தப்படலாகாது. பெயரின்மையை இன்னும் உறுதியளிக்கும் நாடுகளிலும் அவ்வுறுதி நடைமுறையிலே நைந்துவிட்டது. உமிழ்நீரைக் குப்பியிலே இட்டு அனுப்பி மரபணு உறவினரைக் கண்டறியும் வணிகச் சேவைகள் பெருகியபின், கொடையாளரின் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் பரிசோதித்துக்கொண்டாலே போதும், தேடுபவர் அவரிடம் வந்து சேர்ந்துவிடுவார். ஆகவே, "உங்கள் பெயர் ஒருபோதும் வெளிவராது" என்று இன்று எந்த நிலையம் கொடையாளரிடம் சொல்லினும் அது தன்னாற் காப்பாற்ற முடியாத வாக்கையே கொடுக்கின்றது.

உளவளத்துணை சம்மதப் படிவத்தோடு முடிந்துவிடக்கூடாது என்பதற்கு அண்மையில் வெளிவந்த ஒரு நிகழ்வு சான்றாகும். டென்மார்க்கிலுள்ள விந்தணு வங்கியொன்றுக்கு 2005இல் மாணவராயிருந்தபோது கொடுக்கத் தொடங்கிய ஒருவரின் விந்தணுக்களிலே ஒரு பகுதி, புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவொன்றிலே பழுதினைக் கொண்டிருந்தது. அவர் நலமாயிருந்தார்; அன்றைய பரிசோதனைகள் எதுவும் இதனைக் காட்டியிருக்கமாட்டா. ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவரது விந்தணுக்கள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. ஐரோப்பாவிலே குறைந்தது 197 பிள்ளைகள் பிறந்தனர் என 2025 டிசெம்பரில் ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்களின் கூட்டுப் புலனாய்வு வெளிப்படுத்திற்று; அவர்களுட் சிலர் புற்றுநோய்க்கு ஆளாகி இறந்தும் போயினர். விந்தணுவை எல்லை கடந்து விற்கும் சந்தைக்கு, எத்தனை குடும்பம் என்ற வரம்பு இலாபத்துக்குக் குறுக்கே நிற்கும் தடையன்றி வேறில்லை. பெற்றோரின் துயரம் ஒப்பற்றது. அதனோடு, யாதும் அறியாது கொடுத்த அந்த மனிதரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகளின் பின்னர் இச்செய்தியை அவருக்குச் சொல்பவர் யார்? சொன்னபின் அவரோடு அமர்ந்திருப்பவர் யார்?

இலங்கையின் நிலை இதனின்றும் வெகுதூரத்திலே உள்ளது. மருத்துவத் துறைசார்ந்த வழிகாட்டல்கள் இருப்பினும், இத்துறைக்கெனப் பாராளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் இல்லை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, செல்லுபடியான திருமணம் நிலவும்போது பிறந்த பிள்ளை அக்கணவனின் சட்டபூர்வமான பிள்ளை என்பதற்கு, கணவன் மனைவியை அணுகும் வாய்ப்பே இருக்கவில்லை என நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிந்த முடிபான சான்றெனக் கொள்கின்றது. விக்டோரிய கால ஒழுக்கத்தின் எச்சமான இவ்விதி, தம்பதியருக்குக் கொடுக்கும் கொடையாளரைத் தற்செயலாகக் காக்கின்றது. ஆனால் கொடையாளர் தந்தையல்லர் என்று நேரடியாகச் சொல்லும் விதி எதுவும் இல்லை. பிள்ளைக்கு அறியும் உரிமை தரும் விதியும் இல்லை. கொடையாளர் பதிவேடும் இல்லை. பிரதேச செயலகங்களிலே உளவளத்துணை உத்தியோகத்தர்கள் பணிபுரிகின்றனர். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. இவை மதுவாலும் குடும்ப வன்முறையாலும் தற்கொலை எண்ணத்தாலும் அல்லற்படுவோரைத் தாங்குவதற்கே போதாத வளங்களோடு இயங்குபவை. கொடையாளருக்கென ஆயத்தம் செய்யப்பட்டவை அல்ல.

தலவாக்கலை இளைஞரின் வினாவை, அவர் எங்கிருந்து வந்தவர் என்பதை மறந்து ஆராய்தல் இயலாது. உடலையும் கையொப்பத்தையும் பற்றி மலையக மக்களுக்கு நீண்ட நினைவு உண்டு. 1980களிலே அரசாங்கம் கருத்தடை அறுவைக்கு உடன்படுவோருக்கு 500 ரூபா வழங்கியது. தோட்டங்களிலே 'எல்.ஆர்.டி.' என்ற மூன்றெழுத்தால் வழங்கும் அவ்வறுவையைச் செய்துகொண்ட பெண்களை இன்றும் எந்த லயத்திலும் காணலாம். பணத்தின் தேவையும், தோட்ட மருத்துவ அலுவலர் சொல்லை மறுக்க இயலாத அதிகார உறவும், விளக்கம் போதாமையும் சேர்ந்த நிலையிலே பெறப்பட்ட சம்மதம் சம்மதமாகுமா என்ற வினாவைச் சசிகுமார் பாலசுந்தரம் போன்ற ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். ஓர் இனத்தின் பிறப்பைக் குறைக்கப் பெறப்பட்ட கைந்நாட்டும், பிறப்பை உண்டாக்கப் பெறப்படும் கையொப்பமும் நோக்கத்தால் எதிரானவை. ஆயினும் படிவத்தை நீட்டுபவருக்கும் அதனை வாங்குபவருக்கும் இடையிலான உறவு மாறிவிட்டதா என்பதை எவரும் உறுதியாகக் கூறமாட்டார்.

தந்தை யார் என்ற வினாவும் இங்கே வேறொரு வரலாற்றை உடையது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிலே பிறந்தவர் வமிசாவளிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிலே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்று விதித்தது. பிறப்புப் பதிவற்ற தகப்பனைக் கொண்டவர் நாடற்றவரானார். தலவாக்கலைத் தொகுதியை 1947இல் பாராளுமன்றத்திலே பிரதிநிதித்துவம் செய்யத் தொடங்கிய கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, அடுத்த ஆண்டிலேயே தமது வாக்காளரின் பிரசாவுரிமை ஒரு தாளின் இன்மையாற் பறிபோவதைக் காணவேண்டியிருந்தது. அந்தக் காயம் 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை ஆறவில்லை. தந்தையின் பெயர் எழுதப்படாத தாளொன்று ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைத் தத்துவ வினாவாக அன்றி வாழ்க்கையாகவே அறிந்த மக்கள் இவர்கள். கொடையாற் பிறக்கும் பிள்ளைக்கும் ஆவணம் ஒன்று வேண்டும் என்று நாம் வாதிடும்போது, மலையகத்தவருக்கு அதிகம் விளக்கவேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி ஒரு சொல். நம்மவரிடையே, மனித உடல் பண்டமாகின்றது, ஆகவே இதனை எதிர்க்கவேண்டும் என்று ஒரே வரியிலே தீர்ப்பு வழங்கும் போக்கு உண்டு. அது மார்க்சியமாகாது, ஒழுக்கப் பிரசங்கமாகவே முடியும். குழந்தையை விரும்பும் உழைக்கும் தம்பதியர், தனியார் நிலையத்தின் விலைப்பட்டியலின்முன் நிற்கின்றனர்; அவர்களது விருப்பத்தை இழிவுசெய்யும் உரிமை எவருக்கும் இல்லை. கேட்கவேண்டியது, யாருடைய உடல் மூலப்பொருளாகின்றது, அதனாற் கிடைக்கும் மிகுதி யாரைச் சேர்கின்றது என்பதே. பிரித்தானியாவிலே கொடையாளருக்கு வருகையொன்றுக்கு 35 பவுணாக இருந்த ஈட்டுத்தொகை 2024 ஒக்டோபரில் 45 ஆயிற்று. அது விலையன்று, செலவுக்கும் நேரத்துக்குமான ஈடு என்று சட்டம் கூறுகின்றது. அதே 2024இல், ஒரு நாட்கூலி 1350 ரூபாவாக வர்த்தமானியிலே அறிவிக்கப்படுவதற்கே பெரும் இழுபறி நிகழ்ந்த தோட்டப்புறத்திலே, எந்த 'ஈட்டுத்தொகை'யும் விலையாக மாறிவிடும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் 21 முதல் 55 வயதுவரையுள்ள ஆண்களிடமிருந்தே விந்தணு பெறலாம் என்றும், ஒருவரது கொடை ஒரு தம்பதியருக்கு மேல் வழங்கப்படலாகாது என்றும், பெண்ணொருவர் வாழ்நாளில் ஒரு தடவையே முட்டை வழங்கலாம் என்றும் விதிக்கின்றது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டிலேயே, ஈரோட்டிலே 16 வயதுச் சிறுமியொருத்தியின் வயதைப் போலி அடையாள அட்டையால் உயர்த்திப் பலமுறை முட்டைகள் எடுக்கப்பட்டமை அம்பலமாயிற்று. தரகர் இருக்குமிடத்திலே உளவளத்துணை ஒரு சடங்காகிவிடும். நிலையத்திடம் சம்பளம் பெறும் உளவளத்துணையாளர், "வேண்டாம், இன்னும் யோசியுங்கள்" என்று ஒருவரிடம் சொல்லும் சுதந்திரத்தை எவ்வளவு தூரம் உடையவர் என்பதும் இதே வினாவின் இன்னொரு முகமாகும்.

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே உருவாக்கிய பதியமுறைத் தேயிலை இனங்களுக்கு ரீ.ஆர்.ஐ. 2025 என்றாற்போல இலக்கங்கள் உண்டு. ஒவ்வொன்றும் எத்தாய்ச்செடியிலிருந்து வந்தது, வறட்சியைத் தாங்குமா, எந்நோய்க்கு இலக்காகும் என்பதெல்லாம் பதிவேட்டிலே இருக்கின்றன. 'வீ.பீ. மலை'யிலே கொழுந்து எடுக்கும் பெண்ணும் அவ்விலக்கங்களை அறிவார். செடிக்கு வமிசாவளி எழுதிவைத்த நாடு, மனிதருக்கு எழுதிவைக்க வசதியில்லை என்று சொல்லமாட்டாது.

வாசகர் வட்டத்து இளைஞருக்கு இவற்றுள் ஒருபகுதியையே அன்று சொல்ல முடிந்தது. படிவமும் பேச்சும் தமிழிலே இருக்குமா என்று முதலிற் கேளுங்கள். கையொப்பமிடுமுன் இருவாரமேனும் தவணை கேளுங்கள். பெயர் வெளிவராது என்று சொன்னால் நம்பாதீர்கள். பிற்காலத்திலே உங்களுக்கு நோயேதும் தெரியவந்தால் யாருக்கு அறிவிப்பது என்று எழுதி வாங்குங்கள் என்றேன். அவர் கவனமாகக் கேட்டிருந்தார். பிரித்தானியாவிலே பிள்ளைக்குக் கொடையாளரின் முகவரி வழங்கப்படும் என்று நான் கூறியபோது மட்டும் குறுக்கிட்டார். "எங்கட லயத்துக்கு அட்ரஸ் இல்லையே சேர். கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபீசுக்குத்தான் வரும். தொரை கையால போய்த்தானே எங்களுக்கு வரும். அந்தப் பிள்ளை எழுதினா?" என்றார். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.